மண்ணுக்குள் ஒரு பண்டமாற்று

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்று பெயர்களையும் உழவர் வீடுகளில் பள்ளிக்கூடம் பார்க்காதவர்களும் அறிவார்கள். இவற்றுள் தழைச்சத்து குறைந்தால் இலை வெளுத்து, உடனே காட்டிக் கொடுத்துவிடும். மணிச்சத்து அப்படியன்று. அது குறைந்தால் பயிர் கூழையாக நிற்கும், வேர் பரவாது, மணி பிடிக்காது. நம் கண்ணுக்கு அது புலப்படும்போது பருவம் கடந்திருக்கும். அதனால்தான் விதைப்பதற்கு முன்பே அடியுரமாக அதை இட்டுவிடுகிறோம்.

வேதியியல் வகுப்பில் நாம் பாஸ்பரஸ் என்று படிக்கும் தனிமமே இந்த மணிச்சத்து. மண்ணிலிருந்து பயிருக்கு அது போய்ச் சேரும் வழியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரினம் தரகர்போல் நிற்கிறது. அந்தத் தரகரை நம் கல்லூரித் தோழர்களுக்கும் தோழியருக்கும் அறிமுகம் செய்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பா கேட்ட கேள்வி

எங்கள் ஊர் கரிசல் பூமி. மானாவாரி நிலம். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் சோளமும் விதைப்போம். விதைப்புக்கு முன் டி.ஏ.பி. மூட்டை வீட்டுக்கு வந்தாக வேண்டும். அதற்குக் கையில் பணம் இருக்கும் ஆண்டுகள் குறைவு. அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போய்த் தை மாதம் திரும்பி வரும். சில ஆண்டுகளில் சித்திரை ஆகிவிடும்.

சென்ற ஆண்டு எங்கள் நிலத்து மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். திரும்பி வந்த மண்வள அட்டையில் மணிச்சத்துக்கு எதிரே 'அதிகம்' என்று அச்சிட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்திதான் என்பதால் அட்டையை வாசித்துப் பொருள் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார்:

"ஏந்தாயி, மண்ணுல கெடக்குன்னா நாம எதுக்குக் காசு குடுத்து வாங்குறோம்? இத்தனை வருசமா போட்டதெல்லாம் எங்க போச்சு?"

நியாயமான கேள்வி. நூலகத்தில் நான் தேடிப் படித்தவை எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவைதாம்.

பூட்டிக் கிடக்கும் செல்வம்

போட்டது எங்கும் போகவில்லை என்பதே விடையின் முதல் பகுதி. தழைச்சத்து நீரில் கரைந்து நீரோடு ஓடும். காற்றிலும் கலந்து போகும். மணிச்சத்துக்கு அந்த இயல்பு இல்லை. சுண்ணாம்பு மிகுந்த கரிசல் மண்ணில் அது கால்சியத்தோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. அமிலத்தன்மை உள்ள செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து இறுகிவிடுகிறது. இவ்வாறு நாம் இடும் மணிச்சத்தில் அந்தப் பருவத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நூற்றுக்கு 10 முதல் 25 பங்குதான். மிச்சம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

தங்கியதில் ஒரு சிறு பகுதி மண் ஈரத்தில் கரைந்திருந்தாலும் அது வேரை நோக்கி நகரும் வேகம் மிகக் குறைவு. ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டர்கூட அது நகராது. வேர் தன்னை ஒட்டியிருக்கும் மணிச்சத்தைச் சில நாள்களில் உறிஞ்சித் தீர்த்துவிடும். பிறகு அதைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வறண்ட வளையம் உண்டாகிவிடுகிறது. அந்த வளையத்துக்கு வெளியே சத்து இருக்கிறது, வேருக்கு எட்டவில்லை. உறியில் சோறு இருந்தும் கை எட்டாமல் பசித்திருக்கும் பிள்ளையின் நிலைதான் பயிரின் நிலையும்.

இந்த இடத்தில்தான் பூஞ்சை வருகிறது.

பெயர் வந்த கதை

பெர்லின் நகரத்து வேளாண் கல்லூரியில் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்னும் தாவரவியல் அறிஞர் இருந்தார். பிரஷ்ய அரசு அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. மண்ணுக்கு அடியில் விளையும் 'டிரஃபிள்' என்னும் விலை உயர்ந்த காளானைப் பயிரிட வழி உண்டா என்று ஆராய வேண்டும். அவர் மரங்களின் அடியைத் தோண்டிப் பார்த்தார். அங்கே ஆரோக்கியமான மரங்களின் நுனி வேர்களைப் பூஞ்சை ஓர் உறைபோலப் போர்த்தியிருந்தது. 1885ஆம் ஆண்டு இந்த அமைப்புக்கு அவர் 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் மைக்கஸ் என்றால் காளான். ரைசா என்றால் வேர். தமிழில் வேர்ப்பூஞ்சை எனலாம்.

பூஞ்சை என்றாலே நோய் என்று கருதிய காலம் அது. ஃபிராங்க் துணிந்து மாற்றுக் கருத்தைச் சொன்னார். இந்தப் பூஞ்சை மரத்தைக் கெடுக்கவில்லை, மரத்துக்குத் தாதிபோல் இருந்து ஊட்டுகிறது என்றார். பலர் ஏற்கவில்லை. பின்னர் அவர் பைன் கன்றுகளைச் சூடாக்கித் தூய்மை செய்த காட்டு மண்ணிலும், அப்படிச் செய்யாத காட்டு மண்ணிலும் வளர்த்துக் காட்டினார். பூஞ்சை உயிரோடிருந்த மண்ணிலேயே கன்றுகள் செழித்தன.

இதை ஒரு நாடே பட்டறிந்த கதையும் உண்டு. கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரீக்கோ தீவில் பைன் மரம் வளர்க்கப் பலமுறை முயன்றார்கள். விதை முளைக்கும், கன்று மஞ்சள் பூத்து நின்றுவிடும். 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளின் அடியில் கலந்தார்கள். அதற்குப் பிறகே அங்கே பைன் வளர்ந்தது. அந்தத் தீவில் மழைக்கோ வெயிலுக்கோ குறைவில்லை. பைன் வேருக்கு ஏற்ற பூஞ்சைதான் இல்லாமல் இருந்தது.

பயிர்களின் கூட்டாளி

பைன், ஓக் முதலிய மரங்களில் பூஞ்சை வேரின் வெளியே உறையாகப் படர்கிறது. நம் வயல் பயிர்களில் இருப்பது இன்னொரு வகை. அது வேரின் உள்ளே, திசுவறைகளுக்குள்ளேயே நுழைந்து குடியிருக்கிறது. சோளம், கம்பு, உளுந்து, பருத்தி, நிலக்கடலை, வெங்காயம், மிளகாய், வாழை எல்லாவற்றிலும் இதுவே. நிலத்தில் வாழும் தாவர இனங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 இனங்கள் இந்த வகைப் பூஞ்சையோடு உறவு வைத்திருக்கின்றன.

இந்த உறவின் வயது நம்மை மலைக்க வைக்கும். ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் சிற்றூரின் பாறைகளில், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செடிகள் கல்லாகச் சமைந்து கிடக்கின்றன. அவற்றின் திசுவறைகளில் இதே பூஞ்சை இருப்பதை 1994இல் வெளியிட்டார்கள். அந்தச் செடிகளுக்கு இன்று நாம் காணும் முறையான வேர்கூடக் கிடையாது. வேர் தோன்றும் முன்பே வேர்ப்பூஞ்சையின் மூதாதை தோன்றிவிட்டது! உளுந்து வேர் முடிச்சில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் ரைசோபியம் பாக்டீரியாவின் உறவு இதைவிட மிகப் பிந்தியது. பூஞ்சையை வரவேற்க வைத்திருந்த அதே மரபணுக்களில் சிலவற்றைக் கொண்டுதான் பயறுவகைச் செடிகள் பின்னாளில் ரைசோபியத்தையும் வரவேற்கக் கற்றுக்கொண்டன.

பேனா மையும் வினிகரும்

இதைப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நுனி வேரைக் கொதிக்க வைத்தால் உள்ளே இருக்கும் நிறம் நீங்கிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். பிறகு பேனா மையைச் சிறிதளவு வினிகரில் கலந்து அதில் மூன்று நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். 1998ஆம் ஆண்டு அறிவியல் இதழில் வெளியான முறைதான் இது. எல்லா மையும் ஒத்துவராது. இரண்டு மூன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோள வேரை இவ்வாறு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தோம். வேரின் நெடுக நீல நூல்கள் ஓடின. இடையிடையே முட்டை வடிவப் பைகள் இருந்தன. பூஞ்சை கொழுப்பைச் சேமித்து வைக்கும் பைகள் அவை. சில திசுவறைகளுக்குள் மட்டும் குட்டி மரம் ஒன்று கிளை விரித்து நிற்பதுபோல ஓர் உருவம் இருந்தது. அந்தச் சிறு மரந்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கும் சந்தை. அதன் ஆயுள் சில நாள்களே. ஒன்று அழிய மற்றோர் அறையில் புதியது கிளைக்கும்.

வேருக்கு வெளியே பூஞ்சையின் இழைகள் மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் தூரம் பரவுகின்றன. ஓர் இழையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்கிலெல்லாம் அது நுழைகிறது. நல்ல மண்ணில் ஒரு கிராமில் மட்டும் பல மீட்டர் நீளமுள்ள இழைகள் இருக்கும். வறண்ட வளையத்தைத் தாண்டி வேருக்கு நீளும் கை இதுவே.

கொடுப்பது என்ன, வாங்குவது என்ன?

பூஞ்சை மணிச்சத்தையும், ஓரளவு துத்தநாகத்தையும் கொண்டுவந்து தருகிறது. பதிலுக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கிறது. இலை தயாரிக்கும் உணவில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை இந்தக் கணக்கில் போகிறது. இந்தப் பூஞ்சைக்குத் தன் கொழுப்பைத் தானே முதலிலிருந்து ஆக்கிக்கொள்ளத் தெரியாது. செடியிடமிருந்தே பெறுகிறது என்பதை 2017இல் உறுதி செய்தார்கள். உயிருள்ள வேர் இல்லையேல் இதற்கு வாழ்வில்லை.

இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பார்பரா மாஸ் அம்மையார், இந்தப் பூஞ்சை சேர்ந்த ஆப்பிள் கன்றுகள் சேராதவற்றைவிட நன்கு வளர்வதை 1957இல் வெளியிட்டார். பயிர்களில் இதன் பயனை உலகம் கவனிக்கத் தொடங்கியதற்கு அவருடைய உழைப்பு பெருங்காரணம். 1971இல் சாண்டர்ஸ், டிங்கர் என்னும் இருவர் வெங்காயத்தில் அளந்து பார்த்தனர். பூஞ்சை உள்ள வேர், இல்லாத வேரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் மணிச்சத்தை எடுத்தது. வெங்காய வேர் தடித்தது, கிளையும் வேர்த்தூவியும் குறைந்தது என்பதை நாம் அறிவோம். அதற்குக் கூட்டாளி மிகவும் தேவை.

இந்த வாணிகத்தில் கண்டிப்பும் உண்டு. மிகுதியாக மணிச்சத்துக் கொண்டுவரும் பூஞ்சைக்குச் செடி மிகுதியாக உணவு தருகிறது. ஏய்க்கும் பூஞ்சைக்குக் குறைத்துவிடுகிறது. பூஞ்சையும் நன்றாகக் கொடுக்கும் வேருக்கே நன்றாகக் கொடுக்கிறது. 2011இல் வெளியான ஆய்வு இதை மெய்ப்பித்தது.

அழைப்பும் ஒட்டுக்கேட்பும்

மணிச்சத்துக்கு ஏங்கும் வேர் பூஞ்சையை எப்படி அழைக்கிறது? வேர் ஒரு வேதிப்பொருளை மிக நுண்ணிய அளவில் மண்ணில் கசிய விடுகிறது. அதன் வாடை பட்டதும் அருகில் இருக்கும் பூஞ்சை இழை கிளை கிளையாகப் பிரிந்து வேரைத் தேடி வருகிறது. ஜப்பானில் அகியாமா குழுவினர் 2005இல் இதைக் கண்டறிந்தனர். அந்தப் பொருள் ஸ்ட்ரைகோலாக்டோன் வகையைச் சேர்ந்தது.

இவ்வகைப் பொருளை அறிவியல் உலகம் 1966இலேயே வேறொரு காரணத்துக்காக அறிந்திருந்தது. சோளக்காட்டில் வெள்ளைப் பூவோடு தலைநீட்டும் சுடுமல்லியை நம்மில் பலர் பார்த்திருப்போம். சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சிப் பயிரை வாட்டிவிடும் களை அது. அதன் பொடிபோன்ற விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். பயிர்வேர் கசியவிடும் இதே பொருள் பட்டால்தான் விழிக்கும். பூஞ்சைக்கு விடுத்த அழைப்பைச் சுடுமல்லி ஒட்டுக்கேட்டுப் பந்திக்கு முந்திக்கொள்கிறது! மணிச்சத்துக் குறைந்த மண்ணில் அழைப்பு உரக்க ஒலிக்கும். சத்தற்ற நிலத்தில் சுடுமல்லி மிகுதியாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறவு முறியும் இடங்கள்

அப்பாவின் கேள்விக்கு விடையின் இரண்டாம் பகுதி இங்கே இருக்கிறது. கரையக்கூடிய மணிச்சத்து வேரின் அருகில் தாராளமாகக் கிடைத்தால் செடி அழைப்பை நிறுத்திக்கொள்கிறது. பூஞ்சைக்கு உணவு கொடுப்பது அதற்கு வீண் செலவு. அட்டையில் 'அதிகம்' என்று வந்த பிறகும் ஆண்டுதோறும் நாம் மூட்டை மூட்டையாக இட்டால் பூஞ்சை வேரைவிட்டுக் குறையும். பூஞ்சை குறைந்த பயிர் பூட்டிக் கிடக்கும் இருப்பை எடுக்க முடியாமல், அடுத்த ஆண்டும் கடைமூட்டையையே எதிர்பார்த்து நிற்கும். இருப்பை வைத்துக்கொண்டே கடன் வாங்கும் குடும்பமாக நிலம் ஆகிவிடுகிறது.

வேறு இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் டார்லிங் டவுன்ஸ் என்னும் பகுதி நம் கரிசலைப் போன்ற வெடிப்பு விழும் களிமண் பூமி. அங்கே நிலத்தை நெடுங்காலம் தரிசாகப் போட்டுப் பிறகு விதைத்தால் பயிர் சோர்ந்து நிற்பதை உழவர்கள் கண்டார்கள். ஓய்வெடுத்த நிலம் செழிக்க வேண்டுமல்லவா? தாம்சன் என்னும் ஆய்வாளர் 1987இல் காரணத்தை விளக்கினார். வேரே இல்லாத நெடிய தரிசில் பூஞ்சை பட்டினியால் அழிந்துபோக, அடுத்துவந்த சூரியகாந்தி மணிச்சத்துக் கிடைக்காமல் வாடியது. நம் தரிசுக் காலம் அவ்வளவு நீண்டதன்று. ஆயினும் நாம் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இது.

அடிக்கடி ஆழ உழுதால் இழைவலை அறுபடுகிறது. கடுகு, முட்டைகோஸ், முள்ளங்கி ஆகியவற்றின் குடும்பமும், தண்டுக்கீரை, பீட்ரூட் ஆகியவற்றின் குடும்பமும் பெரும்பாலும் இந்தப் பூஞ்சையை ஏற்பதில்லை. அவற்றையே தொடர்ந்து பயிரிட்டாலும் பூஞ்சை குறையும். நெடுநாள் நீர் நிற்கும் நெல்வயலிலும் குறையும்.

மிகையும் உண்மையும்

படித்ததை ஊரில் சொல்லும்போது மிகைப்படுத்தாமல் சொல்வது நம் கடமை. 1997இல் கனடாவின் காடுகளில் ஒரு மரத்தின் கரிமம் பூஞ்சை வழியே வேறொரு மரத்துக்குச் சென்றதாகச் சுசான் சிமார்ட் குழுவினர் வெளியிட்டனர். அதிலிருந்து, காட்டில் தாய்மரம் பிள்ளைமரத்துக்குப் பூஞ்சை வழியே ஊட்டுகிறது என்று கதைகள் பரவின. 2023இல் மூன்று அறிஞர்கள் சான்றுகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, காட்டில் இதற்கு இருக்கும் ஆதாரம் பரவிய கதையைவிட மிகக் குறைவு என்று எழுதினர். அழகாக இருப்பதெல்லாம் மெய்யாகிவிடாது.

அவ்வாறே, பூஞ்சை மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. இருப்பதை எடுத்துத் தருகிறது. மண்ணே வறியதாக இருந்தால் உரம் இட்டே ஆக வேண்டும். 'வேம்' என்றும் 'வேர் உட்பூசணம்' என்றும் விற்கும் பூஞ்சை உரம் மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் வளர்த்தெடுக்கப்படுவது. நாற்றங்காலில் அதனால் நல்ல பயன் உண்டு. ஆனால் மணிச்சத்து மிகுந்த வயலில் அதையும் காசு கொடுத்து வாங்கிப் போட்டால், செடி அழைக்காத விருந்தாளியாகத்தான் அது போய் நிற்கும்.

இந்த ஆண்டு எங்கள் நிலத்தில் ஒரு சிறு சோதனை நடக்கிறது. அரை ஏக்கரை இரண்டாகப் பிரித்தோம். இரு பக்கமும் ஒரே உளுந்து. தொழுவுரமும் ஒரே அளவு. ஒரு பக்கத்துக்கு மட்டும் டி.ஏ.பி. வேளாண்மை அலுவலரைக் கலந்துகொண்டே செய்தோம். அப்பாவுக்கு அரை நம்பிக்கைதான். எங்களைப் போன்றோருக்குக் கால் ஏக்கர் விளைச்சலும் சிறிய பணயமன்று. எனவே இரு பக்கத்து உளுந்தையும் நிறுத்துப் பார்த்த பிறகே எதையும் சொல்வேன்.

நாம் செய்யக்கூடியது

நம் கல்லூரியில் பயில்வோரில் மிகப் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். கரிசல், செம்மண், வண்டல் என்று எல்லா மண்ணிலிருந்தும் நாம் இங்கே வந்திருக்கிறோம். விடுமுறை முடிந்து திரும்பும்போது ஒவ்வொருவரும் தம் வயலிலிருந்து ஒரு பிடி நுனிவேரை மண்ணோடு ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தால், பேனா மையும் வினிகரும் நுண்ணோக்கியும் நம்மிடம் இருக்கின்றன. கூடவே வீட்டில் பரணில் கிடக்கும் மண்வள அட்டையையும் எடுத்து வரலாம். எந்த ஊர் வேரில் பூஞ்சை எவ்வளவு, எந்த அட்டையில் மணிச்சத்து எவ்வளவு என்று ஒரு பேரேட்டில் எழுதி வைத்தால், இரண்டே ஆண்டுகளில் இந்த வட்டாரத்துக்கு ஒரு நல்ல கணக்கு கிடைத்துவிடும்.

துறைப் பேராசிரியர்கள் மனம்வைத்து, வாரத்தில் ஒரு மாலை ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைக்க வேண்டுகிறேன். அந்தப் பேரேட்டின் முதல் பக்கத்துக்கு எங்கள் ஊர்ச் சோள வேர் தயாராக இருக்கிறது. இரண்டாவது பக்கத்துக்கு உங்கள் ஊர் வேரைக் கொண்டு வாருங்கள்.